ரீபோர் செய்த லாரி என்ஜினில் குரங்கு நியாயமும் பூனை நியாயமும்: ஒரு முன்னாய்வு

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் தூண்களைத் தாங்கி நிற்கும் சிங்கங்களின் பிடரியைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தலாம். நடத்தினால் பயணப்படி உண்டு, மதியச் சாப்பாட்டில் ஸ்வீட் உண்டு, கடைசியில் தொகுப்பு நூலும் உண்டு. அதே ஊர்ப் பட்டறையில் என்ஜினை இறக்கி, லைனர் மாற்றி, புது ரிங் செட்டு போட்டு, சந்தனம் குங்குமத்தோடு வெளியே வரும் லாரியை முதல் சில நூறு கிலோமீட்டருக்கு எப்படி ஓட்டுவது என்ற கேள்விக்கு அறிஞர் உலகம் ஒரு பக்கம்கூட ஒதுக்கியதாகத் தெரியவில்லை. மறைமலை நகரில் பிஸ்டன் ரிங் செய்யும் ஆலை இருக்கிறது. அந்த ஊரோ தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்கியது. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு இன்னும் யாரும் முனைவர் பட்டம் வாங்காமல் இருப்பதே இத்துறையின் வறுமைக்குப் போதிய சான்று. இக்கட்டுரை நிறுவ விரும்புவது ஒன்றுதான்: புது ரிங் செட் ஆவது பாரத்தால், காலி வண்டியை நெஞ்சு நோகாமல் உருட்டுவதால் அல்ல. இதை நான்கு வரியில் சொல்லி முடிக்கலாம் என்பது கட்டுரையாளருக்குத் தெரியும். ஆனால் நான்கு வரிக்கு யாரும் மேற்கோள் மதிப்பெண் தருவதில்லை.

முதலில் மூலச் சான்றுகள். இத்துறையில் ஓலைச்சுவடி இல்லை. இருப்பது வாய்மொழியும் சுவரெழுத்தும். திருக்குறளுக்குப் பதின்மர் உரை என்றால் ரீபோருக்குப் பட்டறைக்கு ஓர் உரை. காஞ்சிபுரத்துக்காரர் என்று மரபு சொல்லும் பரிமேலழகர் பிறர் உரையை மறுக்கும்போதும் ஒரு நாகரிகத்தோடு மறுத்துவிட்டு அப்பால் போவார். பட்டறை உரையாசிரியர்களிடம் அந்த வழக்கம் கிடையாது, மறுப்பு எப்போதும் “அவனுக்கு என்ன தெரியும்?” என்றே தொடங்கும். “ஐம்பதுக்கு மேல போகாதே” என்பது மிகப் பழைய விதி (லேத் பட்டறை, கிழக்குச் சுவர், கரிக்கட்டி எழுத்து, வரி 3, வரி 4 காலண்டருக்குப் பின்னால்). “லோடு ஏத்தி மிதி, அப்பதான் ரிங் புடிக்கும்” என்பது அதற்கு நேர் எதிரான விதி (டீக்கடை மரபு, பெஞ்சு 2, காலை அமர்வு, இதன் மறுப்பு: அதே பெஞ்சு, மாலை அமர்வு, அதே நபர்). மூலாசாரியரான ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் தம் என்ஜினை ஓட்டிக்காட்டினார். 1913இல் இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து காணாமல் போனார். ஆசாரியர் திரும்பி வந்து விளக்கம் தர வழியில்லாத துறைகளில் உரைகள் பெருகுவது இயல்பு.

சில்லறை இயல்களை இங்கேயே தீர்த்துவிடலாம். பெயராய்வு இயல்: கைவிடப்பட்டது. ரிங் கேப் இயல்: மூன்று ரிங்குகளின் கேப்பும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும் என்பதில் எல்லா மரபுகளும் ஒத்துப்போகின்றன, என்ஜின் ஓடத் தொடங்கியதும் ரிங்குகள் தாமே மெல்லச் சுழன்று இடம் மாறிக்கொள்வதால் இந்த அபூர்வ ஒற்றுமையின் பயன் கொஞ்சம்தான். நெசவு இயல்: ஹோனிங் கல் லைனர் சுவரில் இழுக்கும் குறுக்குக் கோடுகளைப் பாவும் ஊடையுமாகக் கண்டு பட்டுப் புடவையில் கொண்டுபோய் முடிப்பது இவ்வூரைப் பற்றி எழுதும் எல்லாருக்கும் விதிக்கப்பட்ட கடமை; அக்கடமை இந்த வாக்கியத்தோடு தீர்ந்தது. முதல் ஸ்டார்ட் இயல்: கச்சியப்ப சிவாச்சாரியார் குமரகோட்டத்தில் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது முதல் சொல்லின் புணர்ச்சிக்கே விதி எங்கே என்று அவை மறித்ததாகவும், வீரசோழியத்திலிருந்து விதியைக் காட்டிய பிறகே நூல் நகர்ந்ததாகவும் மரபு. இறக்கி ஏற்றிய என்ஜின் முதல் புகையை விடும்போதும் அவை கூடுகிறது; புகை வெள்ளையா நீலமா என்று தடை எழுகிறது. ஒரு வித்தியாசம்தான். இங்கே வீரசோழியத்தின் இடத்தில் இருப்பது கம்பெனி தந்த சர்வீஸ் புத்தகம். அதை யாரும் எடுத்து வருவதில்லை.

இனி நடு இயல். மெதுவாக ஓட்டச் சொல்வோருக்கும் பாரம் ஏற்றச் சொல்வோருக்கும் உள்ள பிணக்கு வெறும் பட்டறைச் சண்டை என்று கருதுவோர் காஞ்சிபுரத்தை அறியாதவர்கள். வைணவத்தில் வடகலையின் ஆசாரியரான வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்த தூப்புல் இவ்வூரில்தான் இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் எதை முதலில் பாராயணம் செய்வது என்பதற்காக வடகலையாரும் தென்கலையாரும் ஆங்கிலேயர் காலம் தொட்டு நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமம் என்ற வழக்கு லண்டன் வரை போனதாகவும் சொல்வார்கள். இரு கலைக்கும் இடையே பதினெட்டு பேதங்கள் என்பது மரபுக் கணக்கு. அவற்றுள் உயிர் எப்படிக் கரையேறுகிறது என்பதற்கு இரண்டு உவமைகள் உண்டு. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. இது மர்க்கட நியாயம், வடகலைக்கு உரியது. பூனைக் குட்டி சும்மா கிடக்கிறது, தாய்தான் கவ்விக்கொண்டு போகிறது. இது மார்ஜார நியாயம், தென்கலைக்கு உரியது. பிஸ்டன் ரிங் லைனர் சுவரைப் பற்றுகிறதா, பற்றவைக்கப்படுகிறதா என்பதுதான் நம் ஆய்வுச் சிக்கலின் முழு வடிவம். எழுநூறு ஆண்டு விவாதம் கைவசம் இருக்கும்போது அதை என்ஜினுக்குப் பயன்படுத்தாமல் விடுவது வளங்களை வீணாக்குவதாகும்.

குரங்கு நியாயத்தின் தரப்பு வலுவானது. 1850களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கில ரயில் பொறியாளர் நீராவி என்ஜினுக்காகச் செய்த பிளந்த வளையம், தன் விறைப்பாலேயே விரிந்து சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்வது. அதற்கு முன் சணலைத் திணித்துக் காலம் தள்ளிய உலகுக்கு அது பெரிய வரம். இன்றைய ரிங்கும் அந்த வம்சம்தான். கையில் எடுத்து அழுத்தினால் திமிறுவது தெரியும். ஆகவே, குட்டி தானே பற்றிக்கொள்ளும், அதற்கு அவகாசம் கொடுத்தால் போதும், அவசரப்படுத்தாதே, ஐடிலிங்கில் விடு, காலியாக ஓட்டு என்பது இக்கட்சியின் வாதம். கேட்பதற்குத் தாய்மை நிறைந்த வாதம். புது லாரி ஓனர்கள் மயங்குவதும் இதில்தான்.

ஆனால் சிலிண்டருக்குள் நடப்பது வேறு. டீசல் எரிந்து எழும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுவதோடு நிற்பதில்லை; மேல் ரிங்குக்கும் அதன் காடிக்கும் உள்ள நூலிழை இடைவெளியில் நுழைந்து, ரிங்கின் முதுகுப்பக்கம் போய், அதை வெளிநோக்கி அழுத்துகிறது. டர்போ வைத்த லாரி என்ஜின் பாரம் இழுக்கையில் இந்த அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் போகும். அதன் முன் ரிங்கின் சொந்த விறைப்பு பொருட்டே இல்லை. இந்த அழுத்தத்தில்தான் ஹோனிங் விட்ட கோடுகளின் முனைகளும் ரிங்கின் முகமும் ஒன்றையொன்று உரசிச் சமனாகின்றன. இடையில் தங்கும் பள்ளங்களில் ஆயில் நிற்கிறது. அதாவது பூனை கவ்வுகிறது. கவ்வ வேண்டுமானால் பூனைக்கு டீசல் வேண்டும். டீசல் வேண்டுமானால் மிதிக்க வேண்டும். மிதிக்க வேண்டுமானால் பின்னால் பாரம் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் நிற்கும் என்ஜினுக்குள் சிறு துளி டீசலே போகிறது. எரிதல் மந்தம், சூடு குறைவு, ரிங்குக்குப் பின்னால் தள்ளுவதற்கு வலுவில்லை. சுவரில் படிந்த ஆயிலை ரிங் வழித்தெடுக்காமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த ஆயில் அங்கேயே வெந்து கண்ணாடிப் பூச்சாக இறுகிக் கோடுகளை அடைத்துவிடுகிறது. இதைத்தான் போர் கிளேஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். அதன் பிறகு பூனை வந்தாலும் குரங்கு வந்தாலும் பயனில்லை; ஆயில் குடிக்கும், பிரீதரில் புகை தள்ளும், மறுபடி என்ஜினை இறக்கி ஹோனிங் கல்லைப் பிடிக்க வேண்டியதுதான்.

இதற்குக் களச் சான்று கேட்போர் கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் போகலாம். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது மண்டபம் தவறாமல் ஜெனரேட்டர் உறுமியது. முகூர்த்த நேரத்தில் அதற்குப் பாரம் உண்டு. பந்தி முடிந்து, ஏசி நின்று, பத்து டியூப் லைட்டுக்காக 62.5 கேவிஏ ஜெனரேட்டர் விடிய விடிய ஓடும்போதுதான் நோய் பிடிக்கிறது. சைலன்சர் வாயில் கறுப்பாகப் பிசுபிசுவென்று எண்ணெய் வடியும். கீழே தரையில் ஒரு வட்டம் படியும். சும்மா ஓடி நலங்கெட்ட டீசல் என்ஜினின் சாசனம் அந்த வட்டம் (ஒப்பிடுக: பின்பலகைச் சாசனம், முதல் அடுக்குப் பெயின்ட், “ரன்னிங்கில் உள்ளது, பொறுத்தருள்க”, இரண்டாம் அடுக்கில் ஹாரன் அடிக்கும்படி மேலெழுதப்பட்டதால் மூலம் சிதைந்தது, படியெடுத்தவர் சிக்னல் விழுந்ததால் பாதியில் நிறுத்தினார், எஞ்சிய பாதியைப் பதிப்பித்தவர் அதைப் பிற்காலப் பல்லவர் காலத்தது என்கிறார், காரணம் கூறவில்லை).

எதிர்வாதங்களைப் புறக்கணிப்பது அறிஞர்க்கு அழகு என்றாலும் இங்கே அவற்றுக்கு விடை சொல்லப்படும். அந்தக் காலத்தில் புதுக் காருக்குப் பின்னால் “ரன்னிங் இன், முந்திச் செல்க” என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவார்களே, அவர்கள் மடையர்களா என்பது முதல் தடை. இல்லை. அன்றைய உலோகப் பரப்பு முரடு, அன்றைய ஆயில் சுமார், வேகம் கூடினால் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும் என்ற பயம் நியாயமானது. அவர்கள் அஞ்சியது வேகத்துக்கு. நம்மவர்கள் அந்த அச்சத்தைப் பாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். பேரிங் இருக்கிறதே என்பது இரண்டாம் தடை; பேரிங் ஆயில் படலத்தின் மேல் மிதக்க வேண்டியது, தேய்ந்து பழக வேண்டியது ரிங் மட்டும். ஒரகடத்தில் 2012இல் தொடங்கிய பாரத்பென்ஸ் ஆலை போன்ற இடங்களிலிருந்து வரும் புது என்ஜினுக்கு இவ்வளவு சடங்கு தேவையில்லையே என்பது மூன்றாம் தடை. உண்மைதான், அங்கே லைனரின் கோட்டு முனைகளை முன்கூட்டியே மழித்துவிடுகிறார்கள். நம் ஆய்வுப் பொருளோ ஹோனிங் செய்தவருக்கு அன்று கரண்ட் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

நான்காம் தடைதான் காஞ்சிக்கே உரியது. புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடும்போது உற்சவரை ஏற்றுவதில்லையே. ஆன்றோர் காலியாக ஓட்டித்தானே பழக்கினார்கள்? ஆழ்ந்து பார்த்தால் இது நம் கட்சிக்கே சாட்சி. வெள்ளோட்டத்தில் உற்சவர் இல்லைதான். ஆனால் மரம், இரும்பச்சு, சக்கரம், மேலே கட்டிய அலங்காரம் எல்லாம் சேர்ந்த பல டன் எடை முழுவதும் உண்டு. அத்தனை டன்னில் ஐம்பொன் உற்சவரின் எடை எம்மாத்திரம்? ஆகவே வெள்ளோட்டம் என்பது ஏறக்குறைய முழுப் பாரச் சோதனை. உருட்டும்போது முட்டுக்கட்டை போட ஆளும் உண்டு. தேர்த்தச்சர்களுக்கு இது தெரியும். அதை எழுதிய ஆய்வாளர்கள்தான் தேருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அப்படியானால் பூனைக் கட்சிக்கே வெற்றியா என்றால், இங்கே ஒரு நுட்பம். காடிக்குள் அழுத்தம் புகுந்து ரிங்கைத் தள்ள வேண்டுமானால், அதற்கு ஒரு கணம் முன்பே ரிங் சுவரை லேசாகவாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் பக்கவாட்டில் நழுவிக் கிராங்க் கேஸுக்குப் போய்விடும். விறைப்பு செத்த பழைய ரிங்கை எந்தப் பூனையும் கவ்வாது. வடகலை மரபும் இதைத்தான் சொல்கிறது: அருள்தான் காப்பாற்றுகிறது, ஆனால் அது இறங்குவதற்கு உயிரின் பக்கம் ஒரு சிறு வியாஜம், ஒரு சாக்கு வேண்டும். ரிங்கின் சொந்த விறைப்பு அந்த வியாஜம். எரிவாயுவின் அழுத்தம் அருள். ஆக, தூப்புலில் பிறந்தவருக்கே என்ஜின் சாதகமாகத் தீர்ப்புச் சொல்கிறது. பாரம் ஏற்றுவோரின் கட்சியும் தோற்கவில்லை. இம்முடிவை இணைத்து யாரும் மேல்முறையீடு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

செயல்முறைக்கு அதிக இடம் தேவையில்லை. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பிரஷர் பார், கசிவு பார், சூடு ஏறியதும் கிளம்பு, நடுவாந்திர வேகத்தில் ஏற்றி இறக்கி ஓட்டு, டாப் கியரில் திணறவிடாதே, டீக்கடையில் என்ஜினை ஓடவிட்டுக் கதை பேசாதே, உதிர்ந்த பொடியோடு இருக்கும் முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்று. ஓட்டுபவரின் தகுதிக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பின்பற்றலாம்: பராந்தகன் காலத்துக் குடவோலை விதி வாரிய உறுப்பினருக்கு வயது 35க்கு மேல் 70க்குள் என்கிறது, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரை விலக்குகிறது. டீசல் கணக்குக் காட்டாதவரிடம் புது என்ஜினைக் கொடுக்கலாகாது என்பதற்கு இதைவிடப் பழைய ஆதாரம் கிடைப்பது அரிது.

எஞ்சியிருப்பது பாட வேறுபாடு ஒன்று. முழுப் பாரம் என்றால் எவ்வளவு? பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சரக்குமாக 25 டன் என்பது பழைய பாடம். 2018 ஜூலையில் மத்திய அரசு அதை 28.5 டன் என்று திருத்திப் பதிப்பித்தது. கல்குவாரிகளிலிருந்து வாலாஜாபாத் சாலையில் இறங்கும் டிப்பர்களில் வழங்குவது மூன்றாவது பாடம். அது வாய்மொழியாக மட்டுமே வழங்குகிறது, இரவில்தான் ஓதப்படுகிறது. ரிங் செட் ஆவதற்கு முதலிரண்டு பாடங்களில் எதுவும் போதும். மூன்றாவது பாடத்தில் செட் ஆவது ரிங் அல்ல, பின்பக்கப் பட்டை. அதுபற்றிய ஆய்வு ஸ்பிரிங் பட்டறைக்காரர்களின் துறையைச் சேர்ந்தது.