இணையவழி மாஸ்டர்ஸ் கைகொடுக்குமா?

கேள்வி: மகள் இங்கேயே உயிரியலில் இளங்கலை முடித்தாள். ஜி.பி.ஏ. 3.1தான். வீட்டிலிருந்தபடியே ஓராண்டு இணையவழி மாஸ்டர்ஸ் படித்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் பழைய மதிப்பெண் மறைந்துவிடுமா?
– ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மறையாதும்மா. பொது விண்ணப்பமான ஆம்காஸ், இளங்கலை ஜி.பி.ஏ.வையும் முதுகலை ஜி.பி.ஏ.வையும் தனித்தனியாகத்தான் கணக்கிடும். மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் அந்த 3.1 ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கும். அதை அசைக்க வேண்டுமானால் போஸ்ட்பேக் எனும் இளங்கலை நிலைப் பாடங்களை எடுக்கட்டும். அவைதான் பழைய கணக்கில் சேரும்.

அப்புறம் மாஸ்டர்ஸ் எதற்கு? பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி போன்ற பாரமான பாடங்களை இப்போது தாங்குகிறாள் என்று காட்ட. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் எஸ்.எம்.பி. எனும் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் படிப்பு பெயர் வாங்கியதே, முதலாண்டு மருத்துவ மாணவர்களின் பாடங்களை அவர்களோடு சேர்ந்து படிக்க வைப்பதால்தான். இணையவழிப் படிப்பிலும் அப்படி ஓர் ஒப்பீடு உண்டா, முடித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று பணம் கட்டுமுன் கறாராகக் கேளுங்கள். இணையவழி ஆய்வகத்தைச் சில மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்கேட் நுழைவுத் தேர்வு எப்படியும் உண்டு, 528 மதிப்பெண்ணுக்கு.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜூனில் விண்ணப்பம் போட்டு ஆகஸ்டில் மாஸ்டர்ஸ் தொடங்கினால், விண்ணப்பத்தில் புது மதிப்பெண் ஒன்றுகூட இருக்காது. படித்து முடித்து, அடுத்த ஜூனில் போடச் சொல்லுங்கள்.