நகராத விளக்குகள்: வாசகர் கேள்வி-பதில்

கே: மார்ச் மாத நடுநிசி. மொட்டைமாடியில் படுத்திருந்தேன். உச்சிக்குச் சற்றுத் தெற்கே, இல்லாத இடத்தில் ஒரு நட்சத்திரம் மெல்ல முளைத்து, சில நிமிடம் பளிச்சென்று நின்று, மறைந்தது. கனவா? (வாசகர், தேனி)

ப: கனவில்லை, கண்ணாடி! பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பூமி ஒருமுறை தன்னைச் சுற்றும் நேரத்தில் அவையும் ஒரு சுற்று முடிப்பதால் நமக்கு அசைவதே இல்லை. மற்ற நாட்களில் கண்ணுக்குத் தெரியாத மங்கல். ஆனால் அவற்றின் சூரியத் தகடுகள் எப்போதும் சூரியன் பக்கமே திரும்பியிருக்கும். நள்ளிரவில் சூரியன் நம் காலடியில், அவை தலைக்கு மேலே. தகடு திருப்பி அடிக்கும் ஒளியின் பாதையில் நாம் படுத்திருக்கிறோம்! மற்ற மாதங்களில் அந்த ஒளி பூமியின் வடக்கிலோ தெற்கிலோ தப்பிப் போய்விடும். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டித்தான் நம் மேல் விழும்.

கே: அப்புறம் ஏன் அணைந்தது? (அதே வாசகர்)

ப: பூமியின் நிழலுக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் மறுபக்கம் வெளியே வந்து மறுபடி மின்னியிருக்கும். நீங்கள் தூங்கிவிட்டீர்கள். சீக்கிரம் தூங்குகிறவர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

கே: அடுத்த தேர்தலில் ஜெயிப்பது யார்? (வாசகர், சேலம்)

ப: இந்த வாரம் இடம் மாறாதவர்களைப் பற்றி மட்டும்.

கே: இதைப் பார்க்க நல்ல நாள் உண்டா? (வாசகி, மதுரை)

ப: உண்டு. பஞ்சாங்கம் உங்கள் வீட்டு டிஷ்! வருஷத்துக்கு இரண்டு முறை, சில நாட்கள், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்க, படம் கட்டம் கட்டமாக உடையும். நம் ஊரில் அது மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும். மின்னுவதும் அதே நாட்களின் இரவில்தான்! பகலில் சீரியல் நின்றால் திட்டாதீர்கள், பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். இரவு பதினொன்றரைக்கு மேல் வானமே திரை. ஸ்டாண்டில் பொருத்திய பைனாகுலர் போதும். நட்சத்திரங்கள் மேற்கே வழுக்கிக்கொண்டே போகும், நடுவில் ஒரு புள்ளி மட்டும் அடித்த ஆணி போல் நிற்கும். அதுதான்.

கே: வெறும் கண்ணுக்குத் தெரியாதா? (வாசகர், திருப்பூர்)

ப: பிரமாதமாக மின்னுகிறவை தெரியும், வானம் இருட்டாக இருந்தால். தெருவிளக்கு தெருவைப் பார்க்கட்டும், வானத்தைப் பார்க்க நாம் இருக்கிறோம். விளக்குக்குக் குல்லாய் போடும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கே: வீட்டுக்காரர் கடலுக்குப் போன ராத்திரிகளில் எனக்குத் தூக்கம் வராது. அந்த வெளிச்சத்தால் எனக்கு என்ன? (வாசகி, நாகப்பட்டினம்)

ப: அம்மா, 1981இல் ஆப்பிள் என்ற செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் ஏற்றிச் சோதித்தார்கள். இந்த வரிசையில் நம் நாடு இடம்பிடிக்கத் தொடங்கியது அப்படித்தான். இன்று இன்சாட்-3டிஆர், 2024இல் போன இன்சாட்-3டிஎஸ் என்ற வானிலைச் செயற்கைக்கோள்கள் எல்லாம் அங்கேதான் நிற்கின்றன. இருட்டிலும் மேகம் தெரியும் அகச்சிவப்புக் கண் அவற்றுக்கு உண்டு. வங்கக்கடலில் மேகம் சுழி போட்டால் கரைக்கு முதலில் தகவல் வருவது அங்கிருந்து. அதை நம்பித்தான் 'கடலுக்குப் போகாதே' என்கிறார்கள். அந்த எச்சரிக்கை வந்த நாளில் அவரை அனுப்பாதீர்கள். வராத நாளில், கொஞ்சம் தூங்குங்கள்.