தாத்தாவின் பல்செட்டும் அம்மாவின் டைட்டானியமும்

பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்துவிட்டு, மறுநாளே புதுப்பல் முளைத்துவிட்டதா என்று நாக்கால் ஈறைத் தடவித் தடவிப் பார்த்த பிள்ளைகளில் நீங்களும் ஒருவரென்றால், போன பல் திரும்பி வரும் என்ற அந்த வயதின் நம்பிக்கை உங்களுக்கும் நினைவிருக்கும். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் ஓட்டு வீடுகள் வந்துவிட்ட பிறகும், பல் எறிவதற்காகவே மாட்டுக்கொட்டகையின் கீற்றுக்கூரையைத் தேடிப் போவோம். ஓட்டின்மேல் எறிந்தால் பல் உருண்டு கீழே வந்துவிடும், அப்புறம் முளைக்காது என்பது பிள்ளைகளுக்குள் வழங்கிய சாஸ்திரம். திண்ணையில் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவர்கூட ஏன் அந்தக் கொட்டகைப் பக்கம் போவதில்லை என்று நான் யோசித்ததுண்டு.

அன்றைக்குப் பல்லைப் பற்றி யாரும் யாரிடமும் ஆலோசனை கேட்டதில்லை. வலித்தால் ஒரு கிராம்பை அந்த இடத்தில் அடக்கிக்கொள்வார்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார்கள், அதற்கும் அடங்காவிட்டால் தாடையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவார்கள். வேப்பங்குச்சி போய் வீட்டுக்குள் நஞ்சன்கூடு பல்பொடியும் கோபால் பல்பொடியும் வந்திருந்த காலம். உள்ளங்கையில் கொட்டிய பொடியில் பாதியைத் தேய்த்து, மீதியை அதன் வாசனைக்காகவே நக்கித் தின்ற காலைகள் எத்தனையோ. இப்போது குளியலறை அலமாரியில் ஈறுக்கு ஒன்று, கூச்சத்துக்கு ஒன்று, வெண்மைக்கு ஒன்று என்று பற்பசைகள் நிற்கின்றன. ஒன்றையும் தின்னத் தோன்றவில்லை.

அப்பாயிக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை. கட்டுப் பல் வைத்துக்கொள்ளச் சொன்னால், "சாவப் போற கட்டைக்கு எதுக்குடா அலங்காரம்" என்பார்; சொல்லிவிட்டுப் பல வருஷம் இருந்தார். அவரிடம் இருந்தது வெற்றிலை இடிக்கிற சின்ன இரும்பு உரல். சாப்பாட்டுக்குப் பிறகு கொட்டைப்பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு எல்லாம் போட்டு டொக்கு டொக்கென்று அவர் இடிக்கத் தொடங்கினால், பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். இடித்ததில் சுண்டைக்காயளவு எங்களுக்கும் கிடைக்கும். தீபாவளிக்குச் செய்யும் பொருவிளங்காய் உருண்டையைக் கதவிடுக்கில் வைத்து உடைத்து, தூளானதைப் பாலில் ஊறவைத்து அவருக்குக் கொடுக்க வேண்டும். சோற்றைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் வைப்பது அம்மாவின் வேலை. ஒருவர் பல்லில்லாமல் இருப்பதற்கு ஒரு வீடே கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தது; அதை யாரும் பாரமென்று பேசி நான் கேட்டதில்லை.

தாத்தா வேறு மாதிரி. பஞ்சாயத்து, கல்யாணம், கோயில் காரியம் என்று நாலு பேர் முன்னால் பேச வேண்டியவர். அதனால் அவர் பட்டணம் போய்ப் பல்செட்டு கட்டிக்கொண்டு வந்தார், அதுவும் சீனக்காரரிடம். சென்னையில் பாரிமுனை, பூங்கா நகர்ப் பக்கம் போய்வந்த பழைய தலைமுறைக்கு அந்தச் சீனப் பல் வைத்தியர்களின் பெயர்ப்பலகைகள் நினைவிருக்கும். சீனத்தின் ஹூபே மாகாணத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள், அப்பனிடமிருந்து பிள்ளை கற்றுக்கொண்ட தொழில். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பட்டம் பெற்றவர்களை ஒரு பட்டியலிலும், பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களை இன்னொரு பட்டியலிலும் பதிந்துகொள்ள வழிசெய்ததால், இப்படிப்பட்ட கைத்தொழில்காரர்கள் ஒரேயடியாகத் துடைத்தெறியப்படாமல் தப்பினார்கள். நம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே 1953இல்தான், மதராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதற்கு முன்னால் இங்கே பல் கட்டிக்கொள்ள நினைத்த சாமானியர் எங்கே போயிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கடைகளின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. முன்னறையில் அளவெடுத்து, பின்னறையில் தாங்களே அச்சு வார்த்து, இழைத்து, மெருகேற்றி, வாடிக்கையாளர் வாயில் பொருத்திப் பேசச் சொல்லிக் கேட்டு, மறுபடி இழைத்துக் கொடுப்பார்கள். இன்றைய கிளினிக்கில் ஒரு சின்னக் கேமராவை வாய்க்குள் சுற்றிக் காட்டினால் பல்லின் உருவம் திரையில் வருகிறது, அது கோப்பாகப் போய் எங்கோ ஒரு லேபில் பல்லாகித் திரும்புகிறது. பல்லைச் செய்தவரின் முகத்தை நாம் பார்ப்பதேயில்லை.

தாத்தாவின் செட்டு இளஞ்சிவப்பு அக்ரிலிக். 1930களின் பிற்பகுதியில் வந்த சரக்கு அது. அதற்கு முன்னால் ஏறக்குறைய எண்பது வருஷம், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரில்தான் உலகம் முழுக்கச் செட்டு செய்தார்கள், கருஞ்சிவப்பாக இருக்கும். ராத்திரியானால் தாத்தா தன் பற்களைக் கழற்றி எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவார். ஊரிலிருந்து வந்த சித்தி பையன் விடியற்காலையில் தாகமெடுத்து அந்த டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீடே அதிரக் கத்தியதை இன்றைக்கும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில் யாராவது சொல்லிச் சிரிக்கிறோம்.

செட்டைப் போட்டுக்கொண்டு தாத்தா பேசுவார், சிரிப்பார், படம் எடுத்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றிவிடுவார். காபிக்கும் அப்படியே. சாப்பிடத்தானே பல் என்று நாங்கள் கேட்டால் பதில் வராது. அது ஏனென்று எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது. மேல் செட்டின் தகடு அண்ணத்தை முழுக்க மூடிவிடும். சூடும் பதமும் மழுங்கிப்போகும். டிகிரி காபியின் முதல் மடக்கு அண்ணத்தில் படாமல் போவது அவருக்கு எப்படிச் சம்மதமாகும்? போதாததற்கு, முழு செட்டு வைத்தவரின் கடிக்கும் வலு, சொந்தப் பல் உள்ளவரின் வலுவில் கால்பங்கு தேறினாலே அதிகம்.

சில வருஷத்தில் கீழ் செட்டு கடகடவென்று ஆடத் தொடங்கியது. செட்டு தேய்ந்து லூசாகிவிட்டது என்றே தாத்தா சொல்லிவந்தார். உண்மையில் சுருங்கியது அவருடைய தாடை. வேர் இருக்கும்வரைதான் அதைப் பிடித்திருக்கும் எலும்புக்கு வேலை உண்டு. பல்லைப் பிடுங்கியதும், முதல் வருஷம் வேகமாகவும் பிறகு மெல்ல மெல்லவும், அந்த எலும்பு கரைந்துகொண்டே போகும். அதனால்தான் செட்டுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை உள்பூச்சு போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். நம் தாத்தாக்களின் கன்னம் ஒட்டி, மோவாய் மூக்கை நோக்கி எழும்பிய அந்த முகவெட்டை நாம் முதுமையின் முகம் என்று நினைத்தோம். அதில் பாதி, பல் போன தாடையின் முகம்.

பல்லை மறைக்காமல் காட்டிக்கொண்டவர்களும் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் முன்பல்லில் தங்கக் கவசம் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் சிரிப்பதற்காகவே நாங்கள் ஏதாவது கேட்டுக்கொண்டிருப்போம். இன்றைக்கு என் பல் டாக்டர், நிற வரிசையாகப் பற்களைக் கோத்த அட்டையை என் உதட்டருகே பிடித்து, ஏ இரண்டா ஏ மூன்றா என்று நர்ஸம்மாவோடு நெடுநேரம் ஆலோசித்தார். போட்டதே தெரியக்கூடாது என்பதுதான் இப்போதைய பெருமை. எனக்கு அந்தத் தங்கச் சிரிப்புகளின் மேல் இன்னும் ஆசை போகவில்லை.

நடுவில் அப்பாவின் தலைமுறை ஒன்று இருக்கிறது, பாவப்பட்ட தலைமுறை. சம்பளம் இருந்தது, லீவு இல்லை, பல்லுக்குச் செலவழிப்பது ஆடம்பரம் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. வலித்த கடைவாய்ப்பற்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கப்பட்டன. போன இடத்துக்கு எதுவும் வரவில்லை. ஒருபக்கமாகவே மென்று மென்று அந்தப் பக்கமும் தேய்ந்தது. கடைசியாக ஒரு பிரிட்ஜ் கட்டினார்கள். ஒரு பல் போன இடத்தை நிரப்ப, இருபுறமும் நன்றாக இருந்த இரண்டு பற்களைச் செதுக்கி, மூன்றுக்கும் சேர்த்து ஒரே கவசம். அன்றைக்கு அதுவே பெரிய வசதி. ஆனாலும் நல்ல பல்லைச் செதுக்கியது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

இப்போது என் முறை. என் வாயில் ஒரு கடைவாய்ப்பல் பாதி உடைந்துபோனது, இன்னொன்று போயே போய்விட்டது. அம்மாவுக்குக் கீழ்வரிசை முழுக்க இல்லை. ஆக, கேப், இம்ப்ளாண்ட், பல்செட்டு மூன்றும் எங்கள் ஒரே வீட்டில் பேச்சாகிவிட்டன. விளம்பரங்களைப் பார்த்தால் இம்ப்ளாண்ட்தான் ராஜா, செட்டு ஏழைக்கு, கேப் சில்லறை வேலை என்று தோன்றும். நான் அந்த வரிசையை ஏற்கவில்லை. முதலில் கேட்க வேண்டியது, வேர் நிற்கிறதா என்பது. வேர் உறுதியாக நின்று, ஈறுக்கு மேலே சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் மிச்சமிருந்தால், ரூட் கெனால் செய்து கேப் போட்டுக் காப்பாற்றுவதற்கு ஈடு எதுவுமில்லை. நரம்பை எடுத்த பிறகும், வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் உயிரோடு இருக்கிறது. சோற்றில் கிடக்கும் துளிக் கல்லைக் கடித்த கணத்திலேயே தாடை நின்றுவிடுகிறதே, அந்த அறிவைக் கொடுப்பது அதுதான். எலும்போடு நேராக ஒட்டிக்கொள்ளும் இம்ப்ளாண்டுக்கு அந்தப் படலம் கிடையாது. என் உடைந்த பல்லைப் பிடுங்கிவிட்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொன்னபோது, நான் ஜிர்கோனியா கேப் போட்டுக்கொண்டு வேரைக் காப்பாற்றினேன்.

இப்படிச் சொல்வதால் இம்ப்ளாண்டின் அருமை எனக்குத் தெரியாதென்று ஆகாது. 1950களில் ஸ்வீடன் விஞ்ஞானி பெர்-இங்வார் பிரானெமார்க், முயலின் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிக்க டைட்டானியக் குழலைப் பதித்தார். ஆராய்ச்சி முடிந்து எடுக்கப் பார்த்தால் குழல் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல், பிறவியிலேயே தாடைக் குறையுள்ள யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளைப் பதித்தார். 2006இல் லார்சன் இறக்கும்போதும் அவை வேலை செய்துகொண்டிருந்தன. மருத்துவ உலகம் இதை நம்பி ஏற்க 1982இன் டொரண்டோ மாநாடுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று, கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனுக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது: போன பல்லின் இடத்தில் வேரோடு ஒன்று வரும், கொஞ்சம் பொறு என்று.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. முதலில் சாதாரண செட்டுதான் கட்டினோம். கீழ் செட்டு மேல் செட்டைப் போல அண்ணத்தில் ஒட்டி நிற்காது. நாக்கு அசையும்போதெல்லாம் மிதக்கும். அம்மா அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டு, தயிர்சாதத்துக்கும் இட்லிக்கும் இறங்கிவிட்டார். கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவருக்கு இரண்டே இம்ப்ளாண்ட் பதித்து, சட்டையில் பொத்தானை அழுத்துவதைப் போல அவற்றின் தலையில் செட்டைப் பொருத்திவிடலாம் என்று டாக்டர் சொன்னார். 2002இல் மான்ட்ரியலின் மெகில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், இப்படிப்பட்டவர்களுக்கு முதல் தேர்வாகத் தரவேண்டியது இதுதான் என்றே சொல்லிவிட்டார்கள். வாய் முழுக்க இம்ப்ளாண்ட் வைக்கும் லட்சங்கள் தேவையில்லை. கழற்றிக் கழுவவும் முடியும். "எனக்குப் போய் இவ்வளவு செலவா" என்று அப்பாயியின் குரலிலேயே அம்மா தொடங்கினார். நான் விடவில்லை. சோறு பிசைந்து கொடுத்தவர் அவர். கடித்துச் சாப்பிடும் சுகத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கும்போது, வயதைக் காட்டி அதை மறுப்பது எனக்கு அநியாயமாகப் பட்டது. பதித்த இரண்டும் எலும்போடு சேர மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. செட்டைப் பொருத்தி வந்த வாரம் அம்மா தானே போய் வாங்கிவந்தது பனங்கிழங்கு. நாரை உரித்து, நடுவில் பிளந்து, குருத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தான் கடித்தார்.

என் காலியிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே விடக்கூடாது. பக்கத்துப் பற்கள் அதை நோக்கிச் சாயும், எதிர்ப்பல் இறங்கிவரும் என்று டாக்டர் படம் காட்டிச் சொல்லியிருக்கிறார். எலும்பு போதுமான கனம் இருப்பதையும் ஸ்கேனில் பார்த்தாயிற்று. தடையாக நிற்பது சர்க்கரை. அது கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறுவது தாமதமாகும், இம்ப்ளாண்ட் ஒட்டாமலும் போகலாம் என்பதால் அவர் அவசரப்படவில்லை. அப்படி அவசரப்படாத டாக்டர் கிடைத்ததை நான் பாக்கியமாக நினைக்கிறேன். தை பிறந்ததும் ரத்தப் பரிசோதனையோடு வரச் சொல்லியிருக்கிறார். கரும்புக் கட்டு வீட்டுக்கு வரும் மாதம் அது. அம்மா இப்போதே சொல்லிவிட்டார், தனக்கு ஒரு கணு தனியாக வேண்டுமாம்.