மகளுக்கு நைட் ஷிப்ட் வேண்டாம்

கேள்வி: வீட்டுக்காரருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்ட். பத்தாவது படிக்கும் மகளை நானும் இரவு ஒரு மணி வரை உட்கார வைக்கிறேன். காலையில் எல்லாம் மறந்துபோச்சு என்கிறாள். கெமிக்கல் வாடை அடித்தால் தலைவலி வேறு. என்ன செய்வது?
– ஒரு வாசகி, குடிகாடு, கடலூர்

பதில்: நைட் ஷிப்ட் பார்க்கும் அப்பாவுக்குப் பகலில் தூங்க முடியும், மகளுக்குப் பள்ளியில் முதல் மணி அடித்துவிடுமே அம்மா! பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்ததை மூளை பதிய வைப்பதே தூக்கத்தில்தான். தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பது, சரக்கை வாசலில் இறக்கிவிட்டு குடோனைப் பூட்டி வைக்கிற வேலை.

மாலையில் அரை மணி படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். விட்டதை மட்டும் மறுபடி பார்க்கட்டும். மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை இப்படியே எழுதிப் பார்க்கட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே நிலைக்கும் என்று 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள்.

தலைவலியைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். 2004இல் உங்கள் சுற்றுவட்டார மக்களே வாளியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அதிலிருந்த நச்சு வாயுக்களை ஊரறியச் செய்தவர்கள். வாடை வந்த தேதி, நேரம், காற்றின் திசை, தலைவலி எல்லாவற்றையும் நோட்டில் குறியுங்கள். அதோடு டாக்டரைப் பாருங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் மனு கொடுங்கள். தேர்வுப் பயம் அழுத்தினால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் மகளே பேசட்டும்.