பல்லுக்கு ஒரு பாலம்

போன பல்லுக்கு உலோகமே இல்லாத பிரிட்ஜ் கட்டலாம் என்கிறார் டாக்டர். இரும்பில்லாத பாலம் தாங்குமா?
— வாசகர், தேவ்நார், மும்பை

பக்கத்து டிராம்பே அணு ஆராய்ச்சிக்காரர்களைக் கேளுங்கள்! அந்த பிரிட்ஜ் கட்ட உதவும் சிர்கோனியாவும், கல்பாக்கம் அணு உலையில் யுரேனியத்தைப் பொதிந்து வைக்கும் குழாயும் பங்காளிகள். இரண்டுக்கும் தாய் சிர்கான் மணல். அது நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடைக்கிறது. 1789-இல் ஜெர்மானியர் கிளாப்ரோத் சிர்கோனியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்ததும் இலங்கையிலிருந்து போன கல்லில்தான். அணு உலையைத் தாங்கும் வம்சம், உங்கள் முறுக்கைத் தாங்காதா?

சிர்கோனியம் உலோகம்தானே? பிறகெப்படி 'உலோகமில்லாதது' என்று விற்கிறார்கள்?
— அதே வாசகர், விடாமல்

துருவை இரும்பென்று சொல்லித் தாராவி பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுப் பாருங்களேன்! ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டால் சிர்கோனியமும் பீங்கான் ஜாதி. உலோகம் வைத்த பிரிட்ஜைப் போல ஈறோரம் கறுப்புக் கோடு எட்டிப் பார்க்காது, லாபம் அதுதான்.

ஒரு விஷயம். எந்தப் பாலத்துக்கும் தூண் வேண்டும். வழக்கமான பிரிட்ஜ் என்றால் இருபுறத்துப் பற்களையும் இழைத்துத்தான் மாட்டுவார்கள். இழைத்த எனாமல் திரும்ப வளராது. சம்மதம் சொல்லுமுன் இம்ப்ளான்ட் சரிவருமா என்றும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.