பசியாவரத்தில் முயல்கறி: ஒரு மூன்றுகால் ஆய்வு

முதலில் ஊர்ப் பெயரைப் பிரித்துவிடுவோம். பழவேற்காட்டிலிருந்து ஏரியைத் தாண்டிப் போகவேண்டிய மீனவச் சிற்றூர் பசியாவரம். ‘பசியா வரம்’ என்று பிரித்தால், பசிக்காமல் இருக்கப் பெற்ற வரம் என்று பொருள் வரும். பல்லவபுரம் பல்லாவரமாகத் தேய்ந்ததுபோல இதுவும் ஏதோ ஒரு புரம் தேய்ந்ததாக இருக்கலாம் என்றார் நண்பர் ஒருவர். அவர் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் கட்டுரை இந்தப் பத்தியோடு முடிந்துவிடும் என்பதால் நிராகரிக்கிறேன்.

பசியா வரம் பெற்ற ஊருக்கு நேரெதிரான உணவு ஒன்று உலகில் உண்டு. அது முயல்கறி. தின்னத் தின்னப் பசிக்கும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஆர்க்டிக் பனிவெளியில் ஆண்டுக்கணக்கில் அலைந்த வில்ஜால்மர் ஸ்டெபான்சன் எழுதிவைத்தது. வேறெதுவும் கிடைக்காமல் முயலை மட்டுமே தின்றவர்களுக்குச் சில நாட்களில் சாப்பாட்டின் அளவு மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஏறுமாம். வயிறு உப்பிவிடும், பசி மட்டும் போகாது. பிறகு வயிற்றுப்போக்கு, தலைவலி, சோர்வு. இதற்கு ‘முயல் பட்டினி’ என்றே பெயர்.

காரணம் கணக்கில் இருக்கிறது. 100 கிராம் காட்டு முயல்கறியில் 114 கலோரி; புரதம் ஏறத்தாழ 22 கிராம், கொழுப்பு 2 கிராம் சொச்சம். அதாவது, கிடைக்கும் சக்தியில் நான்கில் மூன்று பங்கு புரதத்திலிருந்து வருகிறது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே ஈரல் திணற ஆரம்பித்துவிடும். நாளுக்கு 2,000 கலோரி வேண்டிய ஒருவர் முயலை மட்டும் நம்பினால் ஒன்றே முக்கால் கிலோ தின்னவேண்டும். அவர் ஈரலின் கதி என்னவென்று கேட்க ஈரலுக்கு வாயில்லை.

இனி இரண்டாவது கருதுகோள்: முயல் ஒரு மீன். சிரிக்கவேண்டாம், அட்டவணையைப் பாருங்கள். பண்ணை முயலில் 100 கிராமுக்குப் புரதம் 20 கிராம், கொழுப்பு ஐந்தரை. பழவேற்காட்டு ஏரியின் செல்லப்பிள்ளையான மடவையில் புரதம் 19, கொழுப்பு நாலுக்குச் சற்றுக் குறைவு. கண்ணைக் கட்டிக்கொண்டு எண்களை மட்டும் தொட்டுப் பார்த்தால், மடவைக்குக் காதும் காலும் முளைத்தால் அதுதான் முயல். இந்தக் கொள்கைக்கு ஐரோப்பாவில் ஒரு முன்னோடியும் உண்டு. தவக்காலத்தில் கறி விலக்கு. ஆனால் அப்போதுதான் பிறந்த முயல்குட்டி கறியில் சேராது, மீன் கணக்கு என்று போப் கிரிகோரி அனுமதித்தார் என்பார்கள். மகிமை மாதா ஆலயம் இருக்கும் பழவேற்காட்டில் இதைச் சொன்னால் எடுபடும் என்று நம்பித்தான் குறித்துவைத்தேன். விசாரித்தால், சொன்னவர் போப்பே இல்லை. தூர் நகரத்து ஆயர் கிரிகோரி, தவக்காலத்தில் ஒருவன் முயல்குட்டி தின்றான் என்று எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். பிற்காலத்தவர் கிரிகோரியை மாற்றிவிட்டார்கள். ஆய்வுலகில் இது புதிதல்ல.

பழவேற்காட்டில் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் முயல் தின்றார்களா என்றும் பார்த்தேன். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எலும்புக்கூட்டைப் பார்த்து அவர் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடியவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அடுத்து, கால் சிக்கல். ‘நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்பது தமிழரின் விலங்கியல். இதை நேரில் சோதிக்க இன்று வழியில்லை. காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘நான் பிடித்த முயல்’ என்று ஒருவர் வாயைத் திறந்ததுமே அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. கால் எத்தனை என்பது அதற்கப்புறம். பண்ணை முயல்தான் கதி. கொடைக்கானல் மலையில், மன்னவனூரில், வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்த்துத் தருகிற ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அது மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது. முயலை ஏன் ஆட்டுக்காரர்களிடம் விட்டார்கள் என்று வியந்தவன், இங்கிலாந்தின் போர்ட்லண்ட் தீவைப் பற்றிப் படித்ததும் தெளிந்தேன். வளை தோண்டிக் கல்குவாரியைச் சரிக்கும் பிராணி என்பதால் அங்கே முயல் என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘நிலத்தடி ஆட்டுக்கறி’.

களப்பணிக்கு வருகிறேன். ஒரு பண்ணையில் மூன்று மாதக் குட்டியாக, உயிரெடை இரண்டு கிலோவில் வாங்கினேன். தோல், தலை, குடல் போக ஒரு கிலோதான் தேறியது. கால் நான்கு. இருமுறை எண்ணினேன். ஐஸ் பெட்டியில் வைத்துப் படகேறினேன். பசியாவரத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வீட்டில்தான் ஆய்வுக்கூடம்.

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “இன்னா சார் இது, கோயி மாரியும் இல்ல, ஆடு மாரியும் இல்ல. கொயுப்பையே காணோமே?” என்றார். ஸ்டெபான்சன் பனியில் வருடக்கணக்கில் நடந்து அறிந்ததை அவர் விரலால் அழுத்தியே அறிந்துகொண்டார்.

“அக்கா, இதை மட்டுமே தின்னா பசிக்குமாம்” என்றேன்.

“வெறுங்கறிய எவன் சார் துன்னுவான்? சோறு இல்ல?”

நூறாண்டு ஊட்டச்சத்து இலக்கியத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்புரையை நான் படித்ததில்லை. மாவுச்சத்தோ கொழுப்போ கூட இருந்தால் முயல் பட்டினி கிட்டவே வராது. மடவை பண்ணை முயலைவிட மெலிந்த மீன். அதைத் தின்றே தலைமுறைகள் வாழ்கிற ஊரில் பசியா வரம் எங்கிருந்து வந்ததென்றும் விளங்கிவிட்டது. அது சோற்றுப்பானையில் இருந்திருக்கிறது.

சமையலில் அக்கா செய்ததை அப்படியே குறித்தேன். பொடியாக வெட்டக் கூடாது என்று முதல் வெட்டிலேயே நிறுத்திவிட்டார். முயல் எலும்பு மெல்லிசு, கத்தி பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மீன்முள்ளை நாக்காலேயே பிரித்துத் துப்பத் தெரிந்தவர்கள்கூட இதில் ஏமாந்துபோவார்கள். மூட்டு மூட்டாகப் பிரித்து, மஞ்சளும் உப்பும் தடவி அரை மணி நேரம் வைத்தார். சட்டியில் நல்லெண்ணெயை ஒரு கை தாராளமாகவே ஊற்றினார். கறியில் இல்லாத கொழுப்பைச் சட்டிதான் கொடுக்கவேண்டும். சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தட்டிய பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை; வதங்கியதும் கால்கள் மட்டும் உள்ளே போயின. முதுகுச் சதை பாதி நேரம் கழித்துத்தான். சேர்த்துப் போட்டால் கால் வேகும் முன் முதுகு நார் நாராகக் காய்ந்துவிடும் என்றார். இதற்குமுன் அவர் முயல் சமைத்ததே இல்லை. மூடிபோட்டு, தணலைக் குறைத்து, முக்கால் மணி நேரம். கடைசியில் இடித்த மிளகும் தேங்காய்ப்பாலும்.

இறக்குவதற்கு முன் உப்புப் பார்க்க வேண்டுமில்லையா? பார்த்தது அக்காவின் கடைசிப் பையன். உப்பு ஒரு சொட்டுச் சாற்றில் தெரியும் என்பது என் எண்ணம். ஒரு முழுக் காலில்தான் தெரியும் என்பது அவன் எண்ணம். திரும்பிப் பார்த்தபோது அவன் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

சட்டியில் எண்ணினேன். மூன்று.

பந்தியில் நாங்கள் ஐந்து பேர். யாருக்குக் கால் என்ற பேச்சு வந்ததும் அக்காவின் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, “பாடு போட்டுக்கலாம்” என்றார். எந்த நாளில் எவர் ஏரியில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பங்கிடுகிற ஏற்பாடு அது. இன்றைக்கு இடம் கிடைக்காதவன் சண்டை போடமாட்டான். அவன் முறை வேறொரு நாள் வரும். தீக்குச்சிகளை ஒடித்துச் சீட்டாக்கினார்கள்.

என் முறை அன்றைக்கு வரவில்லை. முதுகுத் துண்டும் நிறையக் குழம்புமாக இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மாலை படகில் திரும்பி வரும்வரை பசிக்கவே இல்லை.