எல்லாவற்றுக்கும் ஒரு கயாக்: சமயக்கணக்கர் திறம் கேட்ட ஓர் ஆய்வு

அமெரிக்காவில் மீன்பிடி கயாக் வாங்கக் கிளம்புகிறவர் கடைக்காரரிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். ஏரியில் பாஸ் பிடிக்க வேண்டும், ஆற்றில் கெளுத்தி பிடிக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை கடலோரக் கழிக்குப் போனால் ரெட்ஃபிஷ்ஷும் பிடிக்க வேண்டும். மூன்று நீர், மூன்று மீன், ஒரே படகு. இந்த ஆசை நியாயமானதா, நிறைவேறக்கூடியதா, நிறைவேறினால் அந்தப் படகை எங்கே வைப்பது என்ற மூன்று வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் இரண்டைப் பற்றிப் பேசாதவர் இல்லை. மூன்றாவதை அறிஞர் உலகம் இன்னும் தீண்டவே இல்லை.

வரலாறு இல்லாமல் ஆய்வு இல்லை என்பதால் அதை முதலில் முடித்துவிடலாம். ஆர்க்டிக் கரைகளில் வாழ்ந்த இன்யூட், யூபிக், அலியூட் மக்கள் கரையொதுங்கிய மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைத் தைத்து இழுத்து மூடிச் செய்தது கயாக். ஊருக்கு ஊர் வடிவம் மாறினாலும், அளவுகோல் எங்கும் வேட்டைக்காரனின் உடம்புதான். பரவலாகச் சொல்லப்படும் கணக்கு இது: நீளம், அவன் இரு கைகளையும் விரித்த அளவைப்போல் மூன்று மடங்கு. உட்காரும் துளை, இடுப்பகலத்தோடு இரண்டு முஷ்டி. ஆழம், ஒரு முஷ்டியும் நீட்டிய கட்டைவிரலும். தையற்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, அது ஒருவனுக்கு மட்டுமே பொருந்தும். எதை வாங்குவது என்ற கவலை அவனுக்கு வந்திருக்க வழியில்லை. அந்தத் துன்பம் பாலிஎத்திலீன் காலத்துக்கு உரியது.

1970களில் சுழல் வார்ப்பு முறை கயாக்குக்கு வந்தது. உள்ளீடற்ற உலோக அச்சுக்குள் பிளாஸ்டிக் தூளைக் கொட்டி, சூளைக்குள் வைத்து மெல்லச் சுழற்றுவார்கள். தூள் உருகி அச்சின் உட்சுவர் முழுக்கப் படிந்து படகாகிவிடும். ஒரே அச்சிலிருந்து ஒரே மாதிரிப் படகுகள் வந்துகொண்டே இருக்கும். படகை உடம்புக்குச் செய்த காலம் போய், உடம்பைப் படகுக்குள் அடக்கும் காலம் தொடங்கியது.

அதே பத்தாண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபு கரையில் டிம் நீமியர் என்ற இளைஞர், முக்குளிக்கப் போவதற்காக ஒரு பலகையில் உட்காரக் குழி செதுக்கிக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓஷன் கயாக் நிறுவனம். இந்த வகைப் படகில் 'உள்ளே' என்று ஓர் இடம் கிடையாது. ஆள் மேலே உட்கார்ந்திருப்பார். ஏறும் தண்ணீர், படகை மேலிருந்து கீழாகத் துளைத்துச் செல்லும் ஸ்கப்பர் துளைகள் வழியே தானே இறங்கிவிடும். கவிழ்ந்தால் நிமிர்த்திப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். இன்றைய மீன்பிடி கயாக்குகளில் மிகப் பல இந்தச் சாதிதான்.

சோழமண்டலக் கரையில் கட்டுமரம் ஓட்டியவர் யாராவது இதைக் கேட்டால், "சரி, இதுல புதுசா என்ன இருக்கு?" என்று கேட்பார். கட்டுமரத்திலும் உள்ளே கிடையாது. மரங்களுக்கு இடையே தண்ணீர் வரும், போகும், இறைத்துக் கொட்டும் வேலையே இல்லை. தத்துவம் ஒன்றுதான். வேற்றுமை ஒன்று உண்டு, அது இவ்வாய்வுக்கு முக்கியமானது. கட்டுமரத்தைக் கரையேற்றிக் கட்டை அவிழ்த்து, மரம் மரமாகத் தூக்கிப் போய்க் காயவைக்கலாம். பாலிஎத்திலீன் கயாக்கை அவிழ்க்க முடியாது. (துண்டு துண்டாகக் கழற்றும் கயாக்குகளை பாயின்ட் 65 என்ற ஸ்வீடன் நிறுவனம் விற்கிறது. கட்டுமரத்தின் அறிவு மேற்கே போய்ச் சேர இவ்வளவு காலமாகியிருக்கிறது.)

இனி வாதங்கள். வஞ்சி நகரில் மணிமேகலை துறவி வடிவெடுத்து ஒவ்வொரு சமயக்கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டது போல, கயாக் வாங்குபவரும் கடை கடையாக ஏறி நான்கு வாதிகளின் திறம் கேட்டே ஆகவேண்டும்.

முதலாமவர் நீளவாதி. நீளமே வேகம் என்பது அவர் கொள்கை. அவருக்குப் பிரமாணம் வில்லியம் ஃப்ரூட். 1860களில் இங்கிலாந்தில் 'ஸ்வான்', 'ரேவன்' என்று இரண்டு வடிவங்களில் 3, 6, 12 அடி மாதிரிக் கலங்களைச் செய்து, அவற்றை நீரில் இழுத்துத் தடை அளந்தவர் அவர். 12 அடி மாதிரி ஏறக்குறைய ஒரு கயாக் அளவுதான். ஃப்ரூட் அதில் தூண்டில் போட்டதாகச் சான்றில்லை. அந்த ஆய்வு மரபின் வழியே வந்த தோராயக் கணக்கு ஒன்று உண்டு: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், கலம் அதிகம் திணறாமல் எட்டும் வேகம், மணிக்கு இத்தனை கடல்மைல் என்று கிடைக்கும். 10 அடிக்கு 4.2. 12 அடிக்கு 4.6. 14 அடிக்கு 5.0. ஆக நான்கடி கூடுதலாக வாங்கியவருக்குக் கிடைப்பது மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. நீண்ட படகு நேராகப் போகும், ஒரே வேகத்துக்குக் கை குறைவாக வலிக்கும் என்பது உண்மை. ஆனால் மீன் பிடிப்பவர் பெரும்பகுதி நேரம் நின்ற இடத்தில் நிற்கிறவர். நிற்பதற்கு வேகம் எதற்கு என்ற கேள்விக்கு நீளவாதியிடம் பதில் இல்லை.

அகலவாதி அதிகம் பேசமாட்டார். கயாக்கில் எழுந்து நின்று காட்டுவார். நின்றபடி தூண்டில் வீசினால் தூரமும் போகும், தண்ணீருக்குள் மீன் ஓடுவதும் தெரியும். அவர் பக்கம் கணிதமும் பலமாக இருக்கிறது. நீர்மட்டத்தின் வடிவத்திலிருந்து வரும் நிலைப்பு, அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். மற்றதெல்லாம் மாறாமல் 28 அங்குலம் 34 ஆனால், அந்தப் பகுதி கிட்டத்தட்ட 80 சதவீதம் கூடிவிடும். ஆறே அங்குலத்தில்! அமைதியான ஏரியில் இதற்கு மறுப்பே கிடையாது. அலையில்தான் வாதம் ஆட்டம் காண்கிறது. அகன்று தட்டையான அடிப்பாகம் தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். மேற்பரப்பு சாய்ந்தால் படகும் கூடவே சாயும். குறுகலான, வளைந்த அடி கொண்ட படகு முதலில் ஆடிப் பயமுறுத்தினாலும் சாய்வில் தாக்குப்பிடிக்கும். முதல் நிலைப்பு, இறுதி நிலைப்பு என்று துறையினர் இவற்றைப் பிரிப்பார்கள். கடையில் சிமென்ட் தரைமேல் வைத்து உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் பிரமாதமாகவே இருக்கும்.

மூன்றாமவர் மிதிவாதி. நால்வரில் தருக்கம் கூர்மையாக இருப்பது இவரிடம்தான். துடுப்புக்குக் கை இரண்டு வேண்டும். தூண்டிலுக்கும் சுருளுக்கும் கை இரண்டு வேண்டும். மனிதனுக்கு இருப்பது மொத்தம் இரண்டு. பன்னிரு கை வேலவனுக்கு இதில் சிக்கல் இல்லை, மற்றவர்கள் காலைத்தான் பயன்படுத்த வேண்டும். ஹோபி நிறுவனம் 1997-இல் மிராஜ் டிரைவ் என்ற மிதி அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெங்குவினின் துடுப்புச் சிறகைப் பார்த்துச் செய்த இரண்டு தகடுகள் படகுக்கு அடியில் இடமும் வலமுமாக வீசி அதைத் தள்ளும். அருமையான பொறி. ஒரு குறை, அதற்குப் பின்னால் போகத் தெரியாது. சுமார் இருபது ஆண்டுகள் அது புறமுதுகு காட்டாத படகாகவே இருந்தது. தூண்டிலில் மாட்டிய மீன் அலையாத்தி வேர்களுக்குள் படகை இழுத்துக்கொண்டு போகும்போது இந்த மறம் உதவாது என்று புரிந்த பிறகு, பின்செல்லும் வகையும் வந்தது. இன்னொரு குறை ஆழம். கீழே தொங்கும் தகடோ, வேறு மிதி வகைகளின் சுழல்விசிறியோ களைபடர்ந்த முழங்கால் ஆழத்தில் சிக்கும், அங்கே துடுப்புதான் கதி.

நான்காமவர் மோட்டார்வாதி. அவரைச் சுருக்கமாக முடிக்கலாம். மோட்டார் மாட்டியதும் பெரும்பாலான மாநிலங்களில் படகைப் பதிவு செய்து எண் ஒட்ட வேண்டும். பாட்டரியையும் தூக்க வேண்டும். அதற்குமேல் அதைக் கயாக் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக.

நிறவாதம் என்று ஓர் உட்பிரிவும் உண்டு. மீனுக்குத் தெரியக்கூடாது என்று இலைதழை அச்சிட்ட பச்சைப் படகை இவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு எந்த நிறப் படகும் வானத்தை மறைக்கும் கறுப்பு நிழல்தான். மேல்தட்டின் இலைதழை ஒளித்துவைப்பது படகை ஓட்டுபவரை, அதுவும் விசைப்படகில் வேகமாக வருபவரின் கண்ணிலிருந்து. மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குவதே அறிவு.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான பிழை ஒன்றை இனிக் காட்டலாம். எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஆறு மணி நேரம் மிதக்கும் கயாக், வாரத்தின் 168 மணியில் 162 மணி நேரம் தரையில் கிடக்கிறது. பெரும்பகுதி வாழ்வைத் தரையில் கழிக்கும் ஒரு பொருளை நீர்வாழ் பொருளாக வைத்தே இத்தனை காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இன்யூட் வேட்டைக்காரனைப் போல அளவெடுத்துத்தான் கயாக்கைத் தேர வேண்டும். எடுக்க வேண்டிய அளவுகள்தான் இப்போது வேறு: காரின் கூரை உயரம், கராஜின் நீளம், முதுகெலும்பின் வயது. வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டார்பன் 120 ஏறத்தாழ 12 அடி நீளம், 30 கிலோவை ஒட்டிய எடை. ஹோபியின் புரோ ஆங்லர் 14 எல்லாம் பூட்டிய நிலையில் 60 கிலோவைத் தாண்டும். முதலாவதைத் தனியாள் கூரையேற்றும் முறை இது: காரின் பின்பக்கக் கூரை விளிம்பில் ஒரு பழைய துண்டை விரித்து, படகின் மூக்கை அதன்மேல் சாய்த்துவைத்து, பிறகு பின்முனைக்கு வந்து தூக்கித் தள்ளுவது. அப்போது சுமக்க வேண்டியது பாதி எடைதான். படகு கோணலாக வழுக்கினால் பின்பக்க வைப்பர் உடையும். பட்டையால் கட்டும்போது ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்ட வேண்டும். தட்டையாக இழுத்துக் கட்டினால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அதை அதிரவைத்து, மீன்துறை போய்ச் சேரும் வரை ரீங்காரம் விடாது. இரண்டாவது படகுக்கு இந்த முறை செல்லாது. அதற்கு டிரெயிலர், டிரெயிலருக்குக் கொக்கி, டிரெயிலர் நிற்க இடம் என்று குடித்தனம் பெருகும்.

எனவே இவ்வாய்வின் முடிபு: ஏறத்தாழ 12 அடி நீளம், 31 முதல் 33 அங்குல அகலம், 35 கிலோவுக்குள் எடை, மேலே உட்காரும் வகை, துடுப்பு. 'எல்லாவற்றுக்கும் ஆகும்' என்று கடைக்காரர்கள் காட்டும் படகும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். அவர்கள் சொல்லும் காரணம்தான் சரியில்லை. 12 அடி என்பது நீரியல் எல்லை அல்ல, முதுகெலும்பியல் எல்லை. அந்த நீளம் வரை ஒருவர் யாரையும் எழுப்பாமல் விடியற்காலையில் கிளம்பலாம். அதைத் தாண்டினால் துணைக்கு ஆள் தேவை, ஆளுக்கு முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும், அவருக்கு அன்று வேறு வேலை இருக்கும்.

பெரிய மீன் மாட்டினால் சின்னப் படகு தாங்குமா என்ற ஐயம் எழலாம். 2014-இல் நார்வேயின் ஆன்டோர்யா தீவருகே ஸ்வீடன்காரரான ஜோயல் ஆப்ரகாம்சன் கயாக்கில் உட்கார்ந்தபடி கிரீன்லாந்துச் சுறா ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். அதன் எடை 560 கிலோவுக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். ஐயம் தீர்ந்தது. அதைக் கரைக்குக் கொண்டுவருவது பற்றிய ஐயத்தை, விட்டுவிட்டு வந்ததன் மூலம் அவர் தீர்த்துக்கொண்டார்.

துணைக்கருவிகளில் ஒன்றே ஒன்று ஆய்வுக்கு உரியது: பால் கிரேட். இருக்கைக்குப் பின்னால் உள்ள பள்ளம், முக்குளிப்பவரின் காற்று உருளை வைப்பதற்காக உண்டானது. அதில் பால் புட்டி அடுக்கும் சதுரப் பிளாஸ்டிக் கூடை அச்சாகப் பொருந்துவதை மீன்பிடிப்பவர்கள் கண்டுகொண்டார்கள். பக்கத்தில் பிவிசி குழாய்த் துண்டுகளை டேக் போட்டுக் கட்டினால் தூண்டில் கோல் செருகும் தாங்கிகளும் தயார். பால் நிறுவனத்தின் கூடையைக் கேட்காமல் எடுத்துப்போவது பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சியவர்களுக்காகவே நிறுவனங்கள் அதே வடிவில் மூடி வைத்த பெட்டிகளைச் செய்து நல்ல விலைக்கு விற்கின்றன.

நங்கூரம் வாங்குகிறவர் அதைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டக்கூடாது. ஓட்டமுள்ள ஆற்றில் அது படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். கயிறும் கப்பியும் வைத்து, கட்டும் இடத்தை முன்முனைக்கோ பின்முனைக்கோ ஓட்டிவிடும் அமைப்பு ஒன்று உண்டு, அது மலிவு, அதைப் பூட்டிக்கொள்ளலாம். கவிழ்ந்தால் ஏறும் வரிசையை அமெரிக்கப் பயிற்சியாளர்கள் மூன்று சொல்லில் கற்பிக்கிறார்கள்: வயிறு, பிட்டம், கால். குறுக்கே வயிற்றால் விழுந்து, புரண்டு பிட்டத்தை இருக்கையில் சேர்த்து, கடைசியில் காலை உள்ளே இழுப்பது. உயிர்காப்பு உடையோடு, இடுப்பளவுத் தண்ணீரில், வேண்டுமென்றே கவிழ்த்து இதைச் செய்துபார்க்காதவர் மீன் பிடிக்கத் தயாராகவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பழைய கயாக் வாங்குபவர் ஸ்கப்பர் துளைகளின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். துளையில் செருகும் தள்ளுவண்டிகளால் விரிசல் விடுவது அங்கேதான். வெயிலில் தவறாகத் தாங்கிவைத்த படகின் அடி உள்வாங்கியிருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும். விலை பேசுமுன் விற்பவரிடம் ஓர் அனுமதி கேட்கலாம், படகைத் தன்னந்தனியாகத் தன் காரின் மேல் ஏற்றிப் பார்க்க. தூக்கத் தொடங்கியதும் அவர் பதறி ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தால், படகை ஏன் விற்கிறார் என்பது விளங்கிவிடும். அவர் கேட்ட விலையில் பாதியிலிருந்து பேரத்தைத் தொடங்கலாம்.